வரிச் சீட்டில் வந்த மியூசியம்

டிராய், மிச்சிகன்

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கே அம்மாவின் முட்டி வலியும் உங்கள் கோபமும் எப்படி இருக்கின்றன?

போன ஞாயிறு டெட்ராய்ட் கலை மியூசியத்துக்குப் போனோம். "சுவரில் மாட்டின படத்தைப் பார்க்கக் காசா?" என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. எங்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் ஓசியும் இல்லை. 2012-ல் சுற்றுவட்டார மூன்று கவுண்டி ஜனங்களும் ஓட்டுப் போட்டு, வீட்டு வரியோடு இதற்கும் கொஞ்சம் கட்ட ஒத்துக்கொண்டார்களாம். இரண்டு லட்சம் டாலர் வீடென்றால் வருஷத்துக்குச் சுமார் 20 டாலர். மூன்று வருஷமாகக் கட்டியிருக்கிறேன், இப்போதுதான் வரிச் சீட்டைப் படித்தேன். தெரிந்த பிறகும் போகாமல் இருந்தால் நான் உங்கள் பிள்ளையா?

ஓட்டுப் போட்ட மறு வருஷமே டெட்ராய்ட் நகரம் திவால். மியூசியப் படங்கள் அப்போது நகராட்சிச் சொத்து என்பதால், வான்கோ முதற்கொண்டு விற்றுக் காசைக் கொடு என்று கடன்காரர்கள் வந்து நின்றார்கள், அண்டா குண்டாவை ஜப்தி பண்ணுகிற மாதிரி. அறக்கட்டளைகளும் மாநில அரசும் பணம் போட்டுக் காப்பாற்றினார்கள்.

உங்கள் பேரனுக்கு வான்கோ முக்கியமில்லை. ஒரு வெண்கலக் கழுதை நிற்கிறது. பிள்ளைகள் தடவித் தடவி முதுகு பளபளக்கிறது. அவனைப் பிய்த்து எடுக்க அரைமணி ஆயிற்று.

நீங்கள் பார்க்க வேண்டியது நடுக்கூடம். நாலு சுவரிலும் ஓவியம்; வடக்கு, தெற்குச் சுவர்களில் ஃபோர்டின் ரூஜ் ஃபேக்டரி! 27 பகுதிகள், 1932-33-ல் தியாகோ ரிவேரா வரைந்தது. பணம் கொடுத்தது ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல்; வரைந்தவரோ மெக்சிகோ கம்யூனிஸ்ட். உங்கள் யூனியன் மீட்டிங்கில் சொன்னால் நம்ப மாட்டார்கள். தெற்குச் சுவரில் ஒரு ஸ்டாம்பிங் பிரஸ், அம்மன் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மெக்சிகோவின் பழைய தெய்வம் ஒன்றை மனதில் வைத்துத்தான் வரைந்தாராம். ஆயுத பூஜைக்கு உங்கள் பிரஸ்ஸுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டுத் தள்ளி நின்று பார்ப்பீர்களே, அந்தக் களை அதற்கு. தொப்பி போட்ட சூப்பர்வைசர் ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். அம்பத்தூர் ஃபேக்டரியில் உங்களை மெமோ வாங்க வைத்த அதே முறைப்பு.

இத்தனை ஆள், இத்தனை மிஷின், முடிந்த கார் எங்கே என்று தேடினால் லைன் கடைசியில் பொடியாக ஒரே ஒரு சிவப்புக் கார். "ஷிஃப்டுக்கு ஒன்றுதானா?" என்றாள் உங்கள் மருமகள்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். பிரஸ்ஸில் எவன் கையை எங்கே தப்பாக வைத்திருக்கிறான் என்று பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்பு மகன்