ஆகுசித்திரம்: திருவரங்கத்து வீடு ஒன்றை முன்வைத்து

ஊர் சிரித்தது என்றால் செங்கலும் சுண்ணாம்புமா சிரித்தன? ஊரில் இருக்கிறவர்கள் சிரித்தார்கள், அது இடவாகுபெயர். இப்படி ஆகுபெயரை வகை வகையாகப் பிரித்துச் சொன்ன இலக்கண ஆசிரியர்கள், ஒரு பொருளின் வேலையை அதன் படம் பார்த்தால் அதற்கு என்ன பெயர் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அக்குறை நீக்க 1ஆம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ஆய்வுக் களம், உத்தர வீதியில் அத்தை வீடு. காலம், இரண்டு பகல். கண்டறிந்த கலைச்சொல், ஆகுசித்திரம்.

கூடத்துச் சுவரில் ஒரு சிவகாசிக் காலண்டர். தேதி பழசு, பெருமாள் புதுசுபோல் இருக்கிறார். அது அலங்காரத்துக்கு மாட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டு, பெருமாளைச் சற்றே ஒருக்களித்தபோதுதான் விளங்கியது: மீட்டர் பெட்டியின் கதவு போய்ப் பல வருஷம் ஆகிறது. கதவின் உத்தியோகம் பெருமாளுக்கு.

வாசற்படிதான் முக்கியமான சான்று. அத்தைக்கு முழங்கால் வலி. குனிந்து மாக்கோலம் போட முடியாது. கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டில் நாலு இழைப் படிக்கோலம், ஓரத்தில் செம்மண்ணுக்குப் பதில் ரெட் ஆக்சைடு. ஆனாலும் விடிகாலையில் வாசல் தெளிப்பது நிற்கவில்லை. ஏற்கெனவே போட்டிருக்கிற கோலத்துக்குத் தினமும் தண்ணீர் தெளித்து, இப்போதுதான் போட்டதாக அதற்கு ஒரு மரியாதை.

காலை ஆறேகாலுக்கு ஒரு கட்டெறும்பு கீழ்ப்படி ஏறியது. மீசையால் வெள்ளைக் கோட்டைத் தட்டிப் பார்த்தது. நாலு விரற்கடை தூரம் கோட்டோடே போய், வளைவு வந்ததும் நின்று மறுபடி தட்டியது. பிறகு கோலத்தைக் குறுக்கே கடந்து, மிதியடியில் சிந்திக் கிடந்த பூந்தித் துணுக்கைப் பார்க்க நடந்தது. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

“ஏண்டா, லீவு போட்டுண்டு வந்தது எறும்பைப் பாக்கவா?” என்றாள் அத்தை.

கிரேக்க ஓவியர் ஸியூக்ஸிஸ் வரைந்த திராட்சையைக் கொத்தப் பறவைகள் வந்தன என்றும், அவரே பிறகு பர்ஹாசியஸின் படத்தை மூடியிருந்த திரையை விலக்கச் சொல்லி, திரைதான் படம் என்று அறிந்து தோற்றார் என்றும் ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கப் பறவைக்கு இல்லாத சமத்து ஸ்ரீரங்கத்து எறும்புக்கு இருக்கிறது என்பது கிடக்கட்டும். அங்கே ஏமாற்றுவதற்காக வரைந்தார்கள். அத்தை யாரையும் ஏமாற்றவில்லை. கோலத்துக்குப் பதில் ஆள் போட்டிருக்கிறாள்.

பதில் ஆள் போடுவது திருச்சிக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கே காக்காய்ப்பொன் தகட்டில் சிறுசிறு படங்கள் வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சமையற்காரர், பல்லக்குத் தூக்கிகள் என்று தொழிலுக்கு ஒரு படம். சம்பளமோ சாப்பாடோ கேட்காத வேலைக்காரர்களாகக் கப்பலேறினார்கள். தில்லை நகரில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகையில் மட்டுமே வசிக்கும் அல்சேஷனும் இந்த வம்சம்தான்.

‘பதில் ஆள் என்றைக்கும் தற்காலிகம்தானே, படத்துக்கு ஏது அந்தஸ்து’ என்று ஒரு மறுப்பு எழலாம். மறுப்பாளரைப் பெரிய கோயிலுக்குள் அர்ச்சுன மண்டபத்துக்கு அழைத்துப் போகிறேன். நம்பெருமாள் மேல் காதல்கொண்டு டில்லியிலிருந்து பின்னாலேயே வந்த சுல்தான் மகள் என்று கோயில் வழக்கு சொல்லும் துலுக்க நாச்சியார் அங்கே இருக்கிறார். விக்கிரகம் கிடையாது, சுவரில் சித்திரம்தான். விக்கிரகம் வரும்வரை படம் என்ற ஏற்பாடு அல்ல, படமே நாச்சியார். கோதுமை ரொட்டி அமுது செய்கிறார்.

அதற்கும் மறுப்பாளர் மசியவில்லை என்றால் இன்னும் உள்ளே போகலாம். பள்ளிகொண்ட பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்குத் தைலக்காப்புதான்; திருமஞ்சனம் கண்டருள்வதும் வீதிக்கு எழுந்தருள்வதும் நம்பெருமாள். பெருமாளே குளிக்கவும் வெளியே போகவும் இன்னொரு திருமேனியை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், முழங்கால் வலிக்காரி படிக்குப் பெயிண்டை அனுப்பியதில் என்ன தப்பு?

இத்துடன் கட்டுரையை முடித்திருப்பேன். மறுநாள் காலை, தெளித்த தண்ணீர் காய்ந்ததும், அத்தை சுவரைப் பிடித்தபடி வந்து பெயிண்ட் கோலத்தின் மூலையில் ஒரு சிட்டிகை அரிசிமாவை நின்றவாக்கிலேயே தூவினாள்.

“அதான் கோலம் இருக்கே அத்தை?”

“அது வாசலுக்குடா. இது நீ பாத்துண்டு உக்காந்திருந்தியே, அதுக்கு.”