அண்ணே, நீங்க என்ன விளையாட்டு?

1989-ல் பி.டி. பீரியட் என்றால் எனக்கு வேப்பமரத்தடி உத்தியோகம். பையன்கள் கபடிக்கு ஓடுவார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டைக்கும் செருப்புக்கும் நான் காவல். போலியோ கால், காலிப்பர் வேறு. வாத்தியார் நல்ல மனுஷன். "உனக்கு எதுக்குடா வெயிலு?" என்பார். வருஷம் முழுக்க ஒரு செருப்புகூடத் தொலைந்ததில்லை. அதற்கெல்லாம் யார் பதக்கம் கொடுத்தார்கள்?

பௌர்ணமிக்கு மூன்று சக்கர வண்டியில் மலை சுற்றக் கிளம்புவேன். 14 கிலோமீட்டர். எங்கள் ஊரிலேயே எனக்குத் தோதான ரோடு அதுதான், படி கிடையாது. வழியில் நிருதி லிங்கம் கோயில் பக்கம் மூச்சு வாங்க நின்றால் மடியில் ஒரு ரூபாய் வந்து விழும். முதல் தடவை அழுதேன். நாலாவது தடவை டீ குடித்தேன்.

2016 செப்டம்பர். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஊரே புல்லரித்தது, பொய் சொல்வானேன், எனக்கும்தான். அந்த டிசம்பரிலேயே எங்களுக்கான புதுச் சட்டமும் வந்தது. அரசு வேலையில் ஒதுக்கீடு 3 சதவீதம் 4 ஆனது, 7 வகை ஊனம் 21 ஆனது. டீக்கடையில் அதைப் பற்றி ஒருத்தர் பேசவில்லை. ஆனால் மடியில் காசு விழுவது நின்று கேள்வி விழ ஆரம்பித்தது: "அண்ணே, நீங்க என்ன விளையாட்டு?" ஜெராக்ஸ் கடை என்று சொன்னால் பாவம், கேட்டவர் முகம் வாடிவிடும்.

2024 பாரிஸில் இந்தியாவுக்கு 29 பதக்கம். பேட்மின்டனில் நம் பெண்கள் துளசிமதிக்கு வெள்ளி, மனிஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் வெண்கலம். மாரியப்பனுக்கும் ஒரு வெண்கலம், தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம். அந்தச் சூட்டோடு சூடாக ஊரில் ஒரு தன்னம்பிக்கைக் கூட்டம் போட்டு என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். கூட்டம் மாடியில். லிஃப்ட் இல்லை. கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன்: 22 படி. படிக்கு அரையடி வைத்தாலும் பதினோரு அடி. மாரியப்பன் ரியோவில் தாண்டியது ஆறடி இரண்டு அங்குலம்.

நாலு தம்பிகள் நாற்காலியோடு தூக்கினார்கள். பாதியில் படி திரும்புகிற இடத்தில் இறக்கிவைத்து ஒரு செல்ஃபி. மறுபடி தூக்கும்போது ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான்:

"அண்ணே, நீங்க என்ன..."

"தாயம்" என்றேன்.