காசு கொடுத்தவனைக் கண்காணித்த கதை

மென்பொருள் திருட்டின் ஸ்தல புராணம் ஓர் ஓட்டலில் தொடங்குகிறது. 1975 ஜூன் மாதம், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ, ரிக்கீஸ் ஹயாத் ஹவுஸ். ஆல்டேர் என்ற புதுக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டி வந்தவர்கள் அங்கே கடை விரித்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். கூட்டம் கலைந்தபோது ஒரு காகித நாடாச் சுருளைக் காணோம். அதில் ஓட்டை ஓட்டையாகப் பதிந்திருந்தது பேசிக் என்ற மென்பொருள். தனியாக வாங்கினால் 500 டாலர், அதாவது கம்ப்யூட்டரைவிட விலை அதிகம். எழுதியவர்கள் பில் கேட்ஸும் நண்பர்களும்.

சுருள் போய்ச் சேர்ந்த இடம் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். அடுத்த கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் பெட்டி நிறைய நகல்களோடு வந்தார். யார் வேண்டுமானாலும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த முறை வரும்போது இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வட்டி நூறு சதவீதம்.

1976 பிப்ரவரியில் கேட்ஸ் பொறுமை இழந்து, கம்ப்யூட்டர் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வயது 20. உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள். எங்களுக்குக் கிடைத்த பங்குத்தொகையை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை. கம்ப்யூட்டர் நேரத்துக்கு மட்டும் 40,000 டாலருக்கு மேல் ஆகியிருக்கிறது என்று புலம்பினார். புலம்பலில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு சிக்கல்: அந்த 40,000 டாலர் மதிப்புள்ள நேரம் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டருடையது. அதற்குப் படியளந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. பொழுதுபோக்குக்காரர்கள் திருடர்களாக இருக்கலாம், ஞாபகமறதிக்காரர்கள் அல்ல. சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

22 வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்தான் உலகின் முதல் பணக்காரர், கோபமும் தணிந்திருந்தது. 1998-இல் வாரன் பஃபெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் முன் ஒரு தொழில் ரகசியத்தைப் போட்டு உடைத்தார். சீனாவில் வருஷத்துக்கு முப்பது லட்சம் கம்ப்யூட்டர் விற்கிறது, மென்பொருளுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், பழகி அடிமையாகிவிடுவார்கள், எப்படி வசூலிப்பது என்பதை அடுத்த பத்தாண்டுக்குள் யோசித்துக்கொள்ளலாம். இதுதான் சாரம். ‘பத்தாண்டு’ என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் கணக்கில் புலி.

2001-இல் கேட்ஸின் மைக்ரோசாஃப்டிலிருந்து விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. வாங்கினால் மட்டும் போதாது, ‘ஆக்டிவேட்’ செய்தால்தான் ஓடும். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு: ஒரே சாவியைப் போட்டு எல்லாக் கம்ப்யூட்டரையும் திறந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட 25 எழுத்துச் சாவி ஒன்று, எக்ஸ்பி கடைக்கு வரும் முன்பே வெளியே கசிந்துவிட்டது. எஃப் சி கே ஜி டபிள்யூ என்று தொடங்கும் அந்தச் சாவி உலகத்தையே திறந்தது. சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கிய பலருக்கு, ஓஎஸ் என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டம் என்ற சந்தேகமே அன்று எழுந்ததில்லை. கேபினெட்டோடு மவுஸ் பேடும் எக்ஸ்பியும் இலவசம்.

கடைசியில் 2005 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு வாயிற்காவலரை நியமித்தது. பெயர் விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ். பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறு எதை இறக்கிக்கொள்ள வேண்டுமானாலும், உன் விண்டோஸ் அசல்தான் என்று முதலில் இவரிடம் நிரூபிக்க வேண்டும். ஓரிரு நாள்கூடத் தாங்கவில்லை. பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டை ஒட்டினால் போதும், சோதனையே நடக்காது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அந்த வரியில் சூட்சுமம் ஒன்றுமில்லை. ‘சோதனை வேண்டாம்’ என்று காவலரிடமே சொல்வதுதான். அவரும் மறுபேச்சில்லாமல் ஒதுங்கி நின்றார்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அதே 2005-ன் இறுதியில், சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில பாட்டு சிடிக்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு நிரல் கூடவே இறங்கி, விண்டோஸின் கண்ணிலேயே படாமல் ஒளிந்துகொள்கிறது என்று மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அம்பலப்படுத்தினார். தன் கம்ப்யூட்டரிலேயே அதைப் பிடித்திருந்தார். இப்படி ஒளியும் நிரலுக்கு ரூட்கிட் என்று பெயர். சோனியின் பெரிய அதிகாரி ஒருவர் வானொலியில், ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, பிறகு அதற்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டார். ஜேப்படிக்காரர் சங்கத்தில் இந்த வாதத்துக்கு நல்ல வரவேற்பு இருந்திருக்கும். அப்புறம் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விருந்து: லேம் என்ற இலவச மென்பொருளின் நிரல் வரிகள், அதன் உரிம நிபந்தனைகளை மதிக்காமல், உள்ளே கிடந்தன. பதிப்புரிமையைக் காக்கப் புறப்பட்டவர் பையிலேயே களவுப் பொருள். இந்த ஆபத்தான நிரலை எங்கள் ஸ்பைவேர் ஒழிப்பான் அகற்றும் என்று நவம்பரில் அறிவித்தது மைக்ரோசாஃப்ட். அவர்கள் போலீஸ் வேடம் கட்டிய பொற்காலம் அது. ஆறு மாதம் நீடித்தது.

2006 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் காவலரை வாசலிலிருந்து வீட்டுக்குள்ளேயே குடியேற்றியது. அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே தானியங்கி வழியில், அதே முக்கியத்துவ முத்திரையோடு அவர் வந்து இறங்கினார். ஒப்பந்தம் ஒன்று காட்டப்பட்டது உண்மை. அதைப் படித்த புண்ணியவான்கள், இது இன்னும் முடிக்கப்படாத சோதனைப் பதிப்பு என்று அதில் எழுதியிருப்பதைக் கண்டார்கள். மற்றவர்கள் ‘சம்மதம்’ என்று அமுக்கினோம். போலி என்று பட்டால், ‘மென்பொருள் மோசடியில் நீங்கள் ஏமாந்திருக்கலாம்’ என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே நட்சத்திரம் ஒன்றை மூலையில் மின்னவிடுவார். வீட்டை விட்டு அனுப்பலாமா என்றால், கண்ட்ரோல் பேனலில் அதற்கு வழியே இல்லை.

ஜூன் மாதம் குட்டு வெளிப்பட்டது. அந்தரங்க உரிமைகளைப் பற்றி எழுதிவந்த லாரன் வைன்ஸ்டீன், அசல் என்று ஏற்கெனவே தேறிவிட்ட கம்ப்யூட்டர்கூட மைக்ரோசாஃப்டைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் கவனித்தார். கேட்டபோது நிறுவனம் மறுக்கவில்லை. ஆமாம், தினமும் ஒருமுறை பேசுகிறது. ஆனால் உளவு சொல்வதற்காக அல்ல. நிரல் கோளாறு செய்தால் தூரத்திலிருந்தே அதை நிறுத்துவதற்கான ஏற்பாடு என்றார்கள். காவலர் திடீரென்று புத்தி பேதலித்து வீட்டுக்காரரைக் கடித்துவைத்தால் தடுக்க வேண்டாமா? ஆகவே தினசரி அந்த உரையாடல் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்:

“ஐயா, வணக்கமுங்க. நான்தான்.”

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லீங்கய்யா. இன்னும் கடிக்கல.”

“சரி, நாளைக்குப் பேசு.”

இதைச் சோதனைப் பதிப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். கடிக்கும் என்ற பயம் அவர்களுக்கே இருந்திருக்கிறது. அதை நம்மிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

அசலா என்று சோதிக்கும்போது காவலர் என்னென்ன குறித்துக்கொண்டு போகிறார்? ஐபி முகவரி, கம்ப்யூட்டரின் தயாரிப்பாளர், பயாஸ் விவரம், விண்டோஸ் சாவி, எந்த நாடு, எந்த மொழி, போதாததற்கு ஹார்டு டிஸ்கின் வரிசை எண். பெயர், வீட்டு முகவரி, மின்னஞ்சல் எதையும் எடுப்பதில்லை. ஆகவே நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது என்று மைக்ரோசாஃப்ட் அடித்துச் சொன்னது. கதவு எண், கரண்ட் மீட்டர் எண், பீரோ சாவி எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ‘பேரைக் கேட்டேனா?’ என்கிற விருந்தாளியைப் போல.

மடியில் கனமிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றால், ஒன்றும் ஆகவில்லை. காவலரை அகற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் வந்துவிட்டன. அவர்கள் இறக்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். மடியில் கனமில்லாதவர்களுக்குத்தான் இந்தக் கதையில் வழி நெடுகப் பயம். முழு விலை கொடுத்து வாங்கி, பில்லை பத்திரப்படுத்தி, வந்த அப்டேட்டையெல்லாம் போட்டுக்கொண்ட உத்தமர்கள்தான் தினமும் ஆஜர் கொடுத்தார்கள்.

ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர், இது ஸ்பைவேர்தான் என்று சியாட்டில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஆதாரமற்றது என்றது மைக்ரோசாஃப்ட். அதே வாரத்தில் தினசரி போனையும் நிறுத்தியது. (வழக்கு இழுத்து இழுத்து 2010-இல் ஒன்றுமில்லாமல் முடிந்தது. நீதிமன்றங்களும் சோதனைப் பதிப்பில்தான் ஓடுகின்றனவோ என்னவோ.) அடுத்த சில நாட்களில் இன்னொரு அதிசயம். ஏஓஎல் மெசஞ்சர் வழியாகப் பரவிய ஒரு வைரஸ், தன்னை விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ் என்று பதிவு செய்துகொண்டு, விண்டோஸின் ஃபயர்வாலை அணைத்தது. அழைக்காமல் வந்து, ஒளிந்து உட்கார்ந்து, ரகசியமாகப் போன் பேசும் நிரல் என்றால் மக்கள் அதுதான் என்று நம்பிவிடுவார்கள் என்பது வைரஸ்காரரின் கணிப்பு. போலியைப் பிடிக்க வந்தவருக்கே போலி.

2007 ஆகஸ்டில் காவலர் கடித்தே விட்டார். சர்வரில் யாரோ ஒருவர் தவறான நிரலை ஏற்றியதால், சுமார் 19 மணி நேரத்துக்கு, சோதனைக்கு வந்த அசல் விண்டோஸ்காரர்கள் திருடர்கள் ஆனார்கள். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் 12,000-க்குள்தான் என்று கணக்குச் சொன்னார்கள். அடுத்த பதிப்பான விஸ்டாவை வாங்கியவர்களின் திரையிலிருந்த கண்ணாடி ஜன்னல்கள் பறிபோயின; எக்ஸ்பிக்காரர்களுக்குத் திருட்டுப் பட்டம். அன்று உள்ளே வராமல் தடுக்கப்பட்டவர்கள், தாமாகவே போய் வாசலில் நின்று ‘என்னைச் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்றவர்கள். காவலரை ஏற்கெனவே துரத்திவிட்டவர்களின் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

பத்தாண்டு ஞாபகம் இருக்கிறதா? 1998-இல் விட்ட கெடு 2008-இல் முடிந்தது. அக்டோபர் 20 முதல் சீனாவில், சோதனையில் தேறாத எக்ஸ்பிகளின் திரை மணிக்கொரு தரம் கறுப்பாகும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வேலை எதுவும் நிற்காது; வால்பேப்பர் மட்டும் கறுப்பு. மாற்றி வைத்தால் அறுபது நிமிஷத்தில் மறுபடி கறுப்பு. நகல் எடுத்தவர்கள் கொதித்தார்கள். பெய்ஜிங் வழக்கறிஞர் ஒருவர், சீனாவின் மிகப் பெரிய ஹேக்கரே மைக்ரோசாஃப்ட்தான் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தில் புகார் கொடுத்தார். திருட்டு கொடுத்தவர் மேல் அத்துமீறல் புகார்; கெடு வைத்து வசூலுக்கு வந்தவருக்கு, பழகி அடிமையானவர்கள் தந்த வரவேற்பு அது.

காவலருக்குப் பிறகு பெயர் மாற்றம் நடந்தது. விண்டோஸ் 10-க்குள் அவரைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. அந்தப் பதிப்பே, நாம் என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்று தலைமையகத்துக்கு ஓயாமல் தகவல் அனுப்பியது. அளவுக்கு மீறிச் சேகரிக்கிறீர்கள் என்று 2016-இல் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அசல், போலி என்ற பாகுபாடு இதில் கிடையாது. சமத்துவம்.

காசு கொடுக்காதவருக்கு இன்றைய தண்டனை இது: திரையின் வலது கீழ் மூலையில், ‘தயவுசெய்து ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்ற தோரணையில் வெளிறிய எழுத்தில் ஒரு வேண்டுகோள். அதோடு, செட்டிங்ஸுக்குள் போய் வால்பேப்பரை மாற்ற முடியாது. படத்தின்மேலேயே வலது பக்க கிளிக் செய்து, டெஸ்க்டாப் பின்னணியாக வை என்று சொன்னால் மாறிவிடும்.