பெரியப்பா எழுந்து போனால்தான் ஜெயிப்போம்

செத்துப் பிழைத்த ஆட்டங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டிய ஆள் பார்க்க வேண்டிய நேரத்தில் அங்கே இருந்திருக்கவே மாட்டார். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேயிடம் இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்து, வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அணியை உலகக் கோப்பைவரை இழுத்துப்போனார். அந்த ஆட்டத்துக்கு வீடியோவே கிடையாது. நல்லதுதான். டிவியில் வந்திருந்தால் எங்கள் பெரியப்பா எங்கேயாவது உட்கார்ந்து பார்த்திருப்பார், கபில் இருபதைத் தாண்டியிருக்க மாட்டார்.

பெரியப்பா பந்தல்குடிக்காரர். வானம் பார்த்த பூமியில் விதைத்தவர். மேகம் கறுத்துக்கொண்டு வந்தாலும் "இது பெய்யாது" என்பார், பெரும்பாலும் பெய்யாது. அதே கணக்கைக் கிரிக்கெட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டால் விக்கெட் விழும். "போச்சு, சோலி முடிஞ்சுச்சு" என்று துண்டை உதறி எழுந்து, தூத்துக்குடி ரோட்டு டீக்கடைக்கு நடையைக் கட்டுவார். அவர் தெரு முக்குத் திரும்பியதும் நாங்கள் சத்தத்தைக் கூட்டி வைப்போம்.

2001 மார்ச், கொல்கத்தா. தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்துவிட்டு வந்திருந்த ஆஸ்திரேலியா 445. நாம் 171, பாலோ ஆன். இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் 10 ரன்னில் அவுட். துண்டு உதறப்பட்டது. நான்காம் நாள் முழுக்க லட்சுமணனும் திராவிடும் விக்கெட்டே கொடுக்காமல் 335 ரன் சேர்த்துக்கொண்டிருக்க, டீக்கடையில் லாரிக்காரர் ஒருவர் "ஸ்கோர் என்னண்ணே?" என்று கேட்டிருக்கிறார். "அது நேத்தே முடிஞ்சு போச்சுய்யா" என்று பெரியப்பா தகவல் தந்து அனுப்பியிருக்கிறார். லட்சுமணன் 281, திராவிட் 180. மறுநாள் ஹர்பஜன் சுழற்றியதில் ஆஸ்திரேலியா 212. முதலில் 171-க்குச் சுருண்டவர்கள் 171 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அந்த லாரிக்காரர் எந்த ஊரில் இறங்கி விஷயத்தைக் கேள்விப்பட்டாரோ!

அதற்குப் பிறகு வீட்டில் இது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. ஆட்டம் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தால் பெரியம்மா குரல் கொடுப்பார்: "ஏங்க, மாட்டுக்குத் தண்ணி வச்சீங்களா?" ராத்திரி பத்து மணிக்கு எந்த மாடு தண்ணி கேட்கும் என்று அவரும் கேட்டதில்லை.

2018 மார்ச் 18 கொழும்பில் நடந்த நிதாகஸ் கோப்பை இறுதி ஆட்டத்துக்கும் மாடுதான் துணை. வங்கதேசத்தின் 166-ஐத் துரத்துகிறோம். முஸ்தபிசுர் போட்ட 18-வது ஓவரில் ஒரே ஒரு ரன், அதுவும் லெக் பை. பாவம் விஜய் சங்கர், வீசி வீசிப் பார்க்கிறார், பந்து மாட்டவே இல்லை. நம்ம பிள்ளையாயிற்றே, வாய் விட்டுத் திட்டவும் முடியவில்லை. 12 பந்தில் 34 வேண்டும் என்ற நிலையில் தினேஷ் கார்த்திக் வந்தார். 6, 4, 6. அந்த ஓவரில் மட்டும் 22. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். எக்ஸ்ட்ரா கவர் தலைக்கு மேல் தட்டையாக ஒரு சிக்ஸர். 8 பந்தில் 29. தொழுவத்தில் நின்ற பெரியப்பா பார்க்கவில்லை. அதைவிட வேடிக்கை, கேப்டன் ரோகித் சர்மாவும் பார்க்கவில்லை. சூப்பர் ஓவர் வரும், பேடு கட்டுவோம் என்று உள்ளே போய்விட்டாராம். கொழும்பிலும் ஒரு பெரியம்மா இருந்திருக்கிறார்போல.

2023 நவம்பர் 19, அகமதாபாத். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா 240-க்கு ஆல் அவுட். பெரியப்பா வழக்கம்போல் துண்டோடு கிளம்பினார். ஆஸ்திரேலியா 47 ரன்னுக்கு 3 விக்கெட். தெருவில் எவனோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். "என்னய்யா, வெடிச் சத்தம் கேக்குது?" என்று பெரியப்பா டீக்கடையிலிருந்து திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டிராவிஸ் ஹெட் அடிக்கத் தொடங்கினார். பெரியம்மா மாட்டை ஞாபகப்படுத்தினார்.

"அதெல்லாம் அப்பவே வச்சாச்சு. ஜெயிக்கிற மேட்ச்சை விட்டுட்டு எங்க போகச் சொல்ற?"

ஹெட் 137. பரிசளிப்பு முடிகிறவரை பெரியப்பா நாற்காலியை விட்டு அசையவே இல்லை.