மூச்சை விடுங்க, சார்

உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் மூன்று படிகள்: கேள்வி, உடல் அளவு, ரத்தம். முதல் படியிலேயே, தெருவில் குடிப்பவர் ஒருவருமில்லை என்று தெரிந்துவிடும். “உப்பா? ரொம்பக் கம்மிங்க” என்கிறார் ஐயா. நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கணுமாம். அடுக்களையில் ஊறுகாய் ஜாடியை மூடியபடி வீட்டம்மா இருமுகிறார்.

ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்து, முதலாவதைத் தள்ளிவிட்டுக் கடைசி இரண்டுக்கும் சராசரி போடுவார்கள். முதல் பதிலையும் அப்படித் தள்ளிவிட்டு வீட்டம்மாவைக் கேட்கலாமென்றால், வழியில்லை. வீட்டுக்கு ஒருவர்தான், அதுவும் குலுக்கலில்.

இடுப்பை அளக்க வேண்டியது சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது. டேப்பைக் கண்டதும் எக்கிய வயிற்றை ஐயா விடுவதாயில்லை.

“மூச்சை விடுங்க, சார்.”

“விட்டுட்டேம்மா.”

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்ட பிறகுதான் விட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று திண்ணையோரம் உருண்டது.