பறந்தவரும் ஏறாத லிஃப்டும்

சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஐரோப்பியர் ஜாகோமோ டி ஏஞ்சலிஸ், 1910-இல் சிம்சன் நிறுவனத்தைக் கொண்டு சொந்தமாக விமானமே செய்துவிட்டார். செம்பாக்கத்துக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் அதை ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஊருக்கே பறந்து காட்டினார்.

இன்றைக்கு நகரின் நடுவில் 'பாரம்பரியம்' என்று பலகை மாட்டியிருக்கும் சில பழைய விடுதிகளுக்கு, விருந்தினரை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதே பெரும்பாடு. லிஃப்ட் ரிப்பேர். கேட்டால், கட்டடம் பழசு சார் என்கிறார்கள், வாடகை புதுசு என்பதை மறந்து. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை. எட்டரைக்கு எழுந்தவருக்கு வரலாறு மட்டும் கிடைக்கும். ஏ.சி. ஓடுவது சத்தத்தில் தெரிகிறது, குளிர்தான் இன்னும் வந்து சேரவில்லை. கரப்பான் பூச்சிகளோ பரம்பரை வாடகைதாரர்கள். காலி செய்யச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

மத்தியச் சுற்றுலா அமைச்சகம் 1950-க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, மாளிகைகளில் நடக்கும் விடுதிகளைப் பாரம்பரிய விடுதிகளாக வகைப்படுத்துகிறது. அந்த வயது கட்டடத்துக்கு. போர்வைக்கு அல்ல.

கல்யாணத்துக்குப் போய் இந்தப் பழைய விடுதிகளில் தங்க நினைக்கும் தாம்பரம் வட்டாரத்தாரே, முன்பணம் கட்டுமுன் குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள். தண்ணீர் வராவிட்டால் ஊர் திரும்ப மின்சார ரயில் இருக்கவே இருக்கிறது.