மாற்றல் வந்தால் மகிழுங்கள்!

கேள்வி: சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்றல் வந்திருக்கிறது. நடுத்தர நகர வாழ்க்கை எப்படி இருக்கும்?
(வாசகர், தாம்பரம்)

பதில்: சம்பளம் அதேதான்; நேரம்தான் போனஸ்! சென்னை டிராஃபிக்கிடம் நீங்கள் தினமும் கட்டிவந்த மணிகளெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

படிக்க, 1844-இல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி. வேலைக்கு பெல், பொன்மலை ரயில்வே பணிமனை. வெளிநாடு போக ஊருக்குள்ளேயே விமான நிலையம். சாயங்காலம் காவிரிப் பாலத்துக்குப் போய்ப் பாருங்கள்: ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்குவார்கள். டிக்கெட் கிடையாது.

குறையும் உண்டு. ஐ.டி. வேலைகள் சென்னை அளவுக்கு இல்லாததால், படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் பெட்டி கட்டுகிறார்கள். சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் சாக்கடை கலக்கிறது, மனம் வலிக்கிறது. அதோடு, எங்கும் தெரிந்த முகங்கள். தில்லைநகரில் சிக்னலைத் தாண்டினால், உங்களுக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஆபத்து என்றால், அதே முகங்கள்தான் முதலில் ஓடிவரும்.

மாற்றலை ரத்து செய்யச் சிபாரிசு தேடாதீர்கள். உறையூரில் நல்ல வீடாகத் தேடுங்கள்!